செப்சிஸ் நோயும் அதன் குறிகளும்

தமிழாசிரியன் ஒருவன் நோயைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு இம்மலரைக் கையிலெடுக்கும் அன்பர் சிலர் வியப்புறலாம். எம் கல்லூரியின் பழைய மாணவருள் வைத்தியத் துறையிற் சிறந்து விளங்குவோர் பலர் உளர். அவர்கள் எழுத வேண்டிய பொருளை யான் எழுதத் துணிந்தமைக்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, மருத்துவ அறிவைத் தமிழிலே வழங்குதல் இம்மண்ணுக்குப் புதியதன்று. 1847ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே நெடுங்காலம் பணியாற்றிய வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலைத்தேய மருத்துவத்தை எம்மவர்க்குத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கு வேண்டிய நூல்களையும் கலைச்சொற்களையும் தமிழில் ஆக்கினார். நோயின் பெயரை அறிந்த மொழியிற் கேட்டாலன்றி மக்கள் அதன் இயல்பை உணரார் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். இரண்டாவது காரணம் என் இல்லத்திலே நிகழ்ந்தது. அதனையே முதலிற் கூறுவேன்.

மூன்று வினாக்கள்

எந்தையாரும் இக்கல்லூரியின் பழைய மாணவரே. அவருக்கு அப்பொழுது வயது 72; சலரோகமும் இருந்தது. சித்திரை மாதத்து ஒருநாள் வேலி அடைத்துக்கொண்டு நின்றபொழுது, பனைமட்டையின் கருக்கு அவர் காலைக் கீறிற்று. கிணற்றடியிற் காலைக் கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அக்கீறலை யாவரும் மறந்தோம்.

மூன்றாம் நாள் இரவு கடுங்குளிர் கண்டு அவர் உடல் நடுங்கிற்று. கட்டில் ஆடும் அளவுக்கு அந்நடுக்கம் இருந்தது. பரசிற்றமோல் குளிசை இரண்டு கொடுத்தோம். விடிந்ததும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்; சூடு இல்லை. காய்ச்சல் விட்டதென மகிழ்ந்தோம். அன்று காலை அவர் என்னைத் தம் இறந்துபோன தம்பியின் பெயர் சொல்லி அழைத்தார். முதுமையின் மறதி என்றெண்ணி யானும் நகைத்தேன். பகல் முழுதும் கண்மூடிக் கிடந்தார். “இரவிரவாக நித்திரை இல்லை, அவரை எழுப்ப வேண்டாம்” என்றார் என் அன்னையார். மாலையில் அவர் மூச்சு, ஓடிவந்து இளைத்தவரின் மூச்சுப்போல விரைந்தது. அதன் பின்னரே வாகனம் தேடினோம்.

வைத்தியசாலையில் எம்மை எதிர்கொண்ட இளம் வைத்தியர் மூன்று வினாக்களை வினவினார். “இவர் கடைசியாகத் தெளிவாகப் பேசியது எப்பொழுது? கடைசியாகச் சலம் கழித்தது எப்பொழுது? நடுக்கம் தொடங்கியது எத்தனை மணிக்கு?” அன்னையார் என் முகத்தைப் பார்த்தார்; யான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். எவருக்கும் விடை தெரியவில்லை. வைத்தியர்களும் தாதியரும் தம் கடமையில் ஒரு குறையும் வைத்திலர். எனினும் இரண்டாம் நாள் எந்தையார் காலமானார். நோயின் பெயர் செப்சிஸ் என்று கூறினர்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் மாணவரின் வரவை இடாப்பிற் குறித்து வருபவன் யான். பக்கத்து அறையிற் கிடந்த தந்தையாரின் ஒரு நாளைக் குறித்து வைக்கத் தவறினேன். அம்மூன்று வினாக்களுக்கும் விடை சொல்ல வல்லவராக இம்மலரைப் படிப்போர் அமைதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் இயல்பு

செப்சிஸ் என்பது கிரேக்கச் சொல்; அழுகுதல் என்பது அதன் பொருள். எம் நாட்டில் “கிருமி இரத்தத்துக்கு ஏறிவிட்டது” என்று சொல்லும் வழக்குண்டு. பழஞ்சொல்லும் நாட்டு வழக்கும் நோயின் ஒரு பகுதியையே காட்டுவன. கிருமி இரத்தத்திற் காணப்படாத போதும் இந்நோய் தோன்றக்கூடும். உடலின் ஓரிடத்திற் கிருமி தொற்றிய பொழுது, அதனை எதிர்த்துக் காக்க எழும் உடலின் ஆற்றல் நெறி பிறழ்ந்து, தன் உறுப்புகளையே சிதைத்து உயிருக்கு ஊறு செய்யும் நிலையே செப்சிஸ் என்று 2016ஆம் ஆண்டில் மருத்துவ அறிஞர் வரையறுத்தனர். வேலியே பயிரை மேய்ந்தாற்போல் என்னும் பழமொழி இதற்கு முற்றும் பொருந்தும்.

இந்நிலையில் குருதிக்குழாய்கள் தளர்ந்து விரியும், அவற்றின் சுவர்களினூடே நீர் கசியும், குருதியமுக்கம் தாழும். நுண்ணிய குழாய்களிற் குருதி உறைந்து வழியை அடைக்கும். மூளை, நுரையீரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகள் வேண்டிய ஒட்சிசனைப் பெறாது வாடும். வாடும் உறுப்பு ஒவ்வொன்றும் தன் துன்பத்தை ஒரு குறியாற் புலப்படுத்தும். அக்குறிகளை மனனஞ் செய்தல் மட்டும் போதாது; எவ்வுறுப்பு எதனைச் சொல்கின்றது என அறிந்தால் அவை மறவா.

காலிற் பட்ட கீறல் எங்ஙனம் மூளையைக் கலக்கும் என ஐயுறுவோர் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியை நோக்குக. கிறீன் வைத்தியர் யாழ்ப்பாணம் வந்த அதே 1847ஆம் ஆண்டில், வியன்னா நகரத்துப் பெரிய வைத்தியசாலையிலே கொலெச்கா என்னும் பேராசிரியர் பிணப்பரிசோதனை செய்கையில், மாணவன் ஒருவனின் கத்தி பட்டுக் காயமுற்றார், சின்னாட்களில் இறந்தார். அவர் உடலிற் கண்ட மாற்றங்களை ஆராய்ந்த நண்பர் செமல்வைஸ், பிரசவக் காய்ச்சலால் இறக்கும் தாய்மாரின் உடலிற் காண்பனவும் இவையே எனத் தெளிந்தார். காயமுற்ற ஆடவனையும் பிள்ளை பெற்ற தாயையும் கொன்றது ஒரே வகை நோய். அது புகுந்த வாயில்களே வேறு. பிணத்தைத் தொட்ட மருத்துவரின் கைகளே தாய்மாருக்கு நோயைக் கொண்டு சென்றன. 1846ஆம் ஆண்டில், மருத்துவ மாணவர் பயின்ற மகப்பேற்றுப் பிரிவில் நூற்றுக்கு 11 தாய்மாருக்கு மேல் இறந்தனர். 1847 மே மாதத்தில், குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவ வேண்டுமென்று செமல்வைஸ் விதித்த பின், அடுத்த இரு மாதங்களில் அத்தொகை நூற்றுக்கு ஏறத்தாழ 2, 1 எனக் குறைந்தது. அவர் சொல்லை உலகம் உடனே ஏற்கவில்லை. 1865ஆம் ஆண்டில் அவரும் காயமொன்றிற் கிருமி தொற்றியே மாண்டார்.

நோய் புகும் வாயில்கள் இன்றும் அவையே: தோலிற் பட்ட காயம், நுரையீரல், சிறுநீர்ப் பாதை, வயிற்றின் உள்ளுறுப்புகள், மகப்பேறு, சத்திரசிகிச்சை செய்த இடம். 2017ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 4 கோடி 89 இலட்சம் பேரை இந்நோய் பற்றியதென்றும், 1 கோடி 10 இலட்சம் பேர் அதனோடு தொடர்புற்று இறந்தனரென்றும் ஆய்வாளர் கணித்துள்ளனர். அவ்வாண்டு உலகில் இறந்தோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் என்பது இதனாற் பெறப்படும்.

காய்ச்சல் என்னும் பலபொருள் ஒருசொல்

காய்ச்சல் வந்தவர் யாவருக்கும் செப்சிஸ் இல்லை. காய்ச்சல்களுட் பெரும்பாலானவை தாமே தணிவன. ஆயின் எதனை அஞ்சுவது, எதனைப் பொறுத்திருப்பது என்று எங்ஙனம் துணிவது?

வகுப்பிலே மாணாக்கர்க்குப் பலபொருள் ஒருசொல்லைக் கற்பிக்கும்பொழுது யாம் கூறும் விதி ஒன்றுண்டு. “மா” என்னும் சொல் தனித்து நிற்கையில் மரமோ விலங்கோ என்பது விளங்காது. “மா பூத்தது” எனின் மரம். “மா ஓடிற்று” எனின் விலங்கு. இத்தகைய சொற்களுள், வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் துணியப்படுவன உண்டெனத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் விதித்துள்ளார். காய்ச்சலும் அத்தகைய ஒரு சொல்லே. தனித்து நோக்கின் அதன் பொருள் தெளியாது. அதனைச் சார்ந்து நிற்கும் குறிகளாலேயே தெளியும். சார்ந்த குறிகள் வலியனவாக இருந்தால், காய்ச்சல் இல்லாத விடத்தும் பொருள் அதுவே. எந்தையாரின் நெற்றியிற் சூடு இல்லை என்பதை நற்குறியாகக் கொண்டேன். இடம் நோக்காது பொருள் கொண்ட பிழை அது.

சார்ந்து நிற்கும் ஆறு குறிகள்

முதலாவது, அறிவு மயங்குதல். பேச்சுக் குழறும், இடமும் நாளும் ஆளும் தெரியாது தடுமாறும், எழுப்பினால் எளிதில் விழிக்க மாட்டார். மூளை போதிய குருதியைப் பெறவில்லை என்பதற்கு இது சான்று. முதியோர்க்கு முன்னரே மறதி இருத்தல் கூடும். ஆதலின் “இவருக்கு மறதி உண்டா” என்று கேளாது, “நேற்று இருந்தவாறு இன்று இருக்கின்றாரா” என்று கேட்டுக்கொள்க. ஒரு நாளில் வந்த மயக்கம் முதுமையால் வந்ததன்று.

இரண்டாவது, மூச்சு விரைதல். வளர்ந்தவர் அமைதியாக இருக்கையில் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுவர். 22 முறையோ அதற்கு மேலோ எனின் அஃது எச்சரிக்கை. மணிக்கூட்டை எதிரே வைத்து, நோயாளி அறியாதவாறு நெஞ்சு எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ணுக. கருவி எதுவும் இன்றி எவரும் செய்யத் தக்க சோதனை இது. ஐந்தாம் வகுப்புச் சிறுவனும் செய்வான்.

மூன்றாவது, சலம் குறைதல். குருதியமுக்கம் தாழ்ந்தவிடத்துச் சிறுநீரகம் தன் தொழிலைக் குறைக்கும். அரை நாளுக்கு மேலாகச் சலம் போகவில்லை எனினும், மிகச் சிறிதளவாகக் கருநிறத்தோடு போயிற்று எனினும் ஐயுறுக. ஒரு முழு நாள் போகவில்லை எனின் ஐயுறுதற்கும் இடமில்லை, உடனே புறப்படுக. நாணத்தால் இதனைக் கேளாது விடுவோர் பலர். பெற்றோரிடம் பிள்ளை இதனைக் கேட்டல் மரியாதைக் குறைவன்று.

நான்காவது, தோல் நிறம் மாறுதல். தோல் வெளிறும், நீலம் பாரிக்கும், அல்லது திட்டுத்திட்டாகப் புள்ளியிடும். எம்மைப் போன்ற மாநிறத்தார்க்கும் கருநிறத்தார்க்கும் இம்மாற்றம் மேனியிற் புலப்படாது போதல் கூடும். ஆதலின் உதடு, நாக்கு, நகக்கண், உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றை நோக்குக. கைகால்கள் சில்லிட்டிருத்தலும் இக்குறியின் பாற்படும். தோலிற் காணும் சிவந்த அல்லது ஊதாநிறப் புள்ளிகள், கண்ணாடிக் குவளையை வைத்து அழுத்தினாலும் மறையாவெனின் ஒரு கணமும் தாமதித்தல் ஆகாது.

ஐந்தாவது, கடுநடுக்கமும் தாங்கொணா உடல்வலியும். காய்ச்சலின் தொடக்கத்து வரும் சிறு குளிரை இங்குக் கூறவில்லை. பல் கிட்டித்து, போர்வை பல போர்த்தும் அடங்காத நடுக்கமே ஈண்டுக் குறிக்கப்படுவது. உடல் வெப்பம் 38 பாகை செல்சியசுக்கு மேல் உயர்தலைப் போலவே, 36 பாகைக்குக் கீழ்த் தாழ்தலும் தீக்குறி என அறிக. பரனைற்று வெப்பமானி வைத்திருப்போர்க்கு இவ்வளவுகள் முறையே 100.4, 96.8 ஆகும்.

ஆறாவது, நோயாளியின் சொல். “எனக்கு ஏதோ செய்கின்றது, நான் பிழைக்க மாட்டேன் போலிருக்கின்றது” என்று அவர் கூறுவாராயின், “அபசகுனம் பேசாதீர்” என்று வாயை அடைத்தல் எம்மவர் வழக்கம். அச்சொல்லையும் ஒரு நோய்க்குறியாகவே மருத்துவர் கொள்வர். தன் உடலுள் நிகழும் பெருமாற்றத்தைத் தானே உணர்ந்து கூறும் சான்று அது.

அறிவு, மூச்சு, சலம், தோல், நடுக்கம், நோயாளி சொல் என இவ்வாறினையும் மாணாக்கர் மனத்திற் கொள்க. காயமோ காய்ச்சலோ இருமலோ சலக்கடுப்போ உடையவரிடத்து இவற்றுள் ஒன்று புதிதாகத் தோன்றினும் செப்சிசோ என ஐயுறல் வேண்டும். டெங்குக் காய்ச்சலிலும், வயலில் இறங்குவோரைப் பற்றும் எலிக்காய்ச்சலிலும் இக்குறிகளுட் சில தோன்றக்கூடும். நோயைப் பெயரிட்டு வேறுபடுத்தல் வைத்தியர் கடன். குறியைக் கண்டு காலந் தாழ்த்தாது அழைத்துச் செல்லல் எம் கடன்.

குழந்தைகளும் பிறரும்

2017ஆம் ஆண்டில் இந்நோயுற்றோருள் ஏறத்தாழ 2 கோடிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். குழந்தை தன் துன்பத்தைச் சொல்ல அறியாது. பால் குடிக்க மறுத்தல், ஓயாது வாந்தி எடுத்தல், 12 மணி நேரமாகச் சலம் கழியாமை, தொட்டாற் குளிர்ந்திருத்தல், துவண்டு கிடத்தல், எழுப்பினும் விழியாமை, வலிப்பு என்பன அதன் மொழி. குழந்தையின் மூச்சு இயல்பாகவே விரைவானது. இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு நிமிடத்துக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40 என்னும் எண்களை எட்டினாலோ கடந்தாலோ அது மிகைவிரைவு எனக் கொள்ளல் வேண்டும்.

முதியோர், சலரோகம் உடையோர், அண்மையிற் பிள்ளை பெற்ற தாய்மார், சத்திரசிகிச்சை செய்துகொண்டோர், மண்ணீரல் அகற்றப்பட்டோர், புற்றுநோய்க்கு மருந்துண்போர் ஆகியோரிடத்து மிக விழிப்பாக இருத்தல் வேண்டும். முதியோரிற் பலர்க்குக் காய்ச்சலே தோன்றாது. அறிவு மயங்குதல் ஒன்றே முதற்குறியாக அமைதலும் உண்டு.

செய்யத் தக்கன

1941ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், ஒக்ஸ்போட் மாவட்டத்துப் பொலிஸ்காரர் அல்பேட் அலெக்சாந்தர் என்பவர்க்குப் பெனிசிலின் மருந்து ஏற்றப்பட்டது. அவர் முகத்தை ரோசா முள் கீறியதே நோய்க்கு முதல் என்பர். குண்டுவீச்சிற் பட்ட காயம் என்று கூறுவாரும் உளர். மருந்து ஏறியதும் காய்ச்சல் தணிந்தது, உணவு உட்கொண்டார். ஆயின் அக்காலத்து உலகில் இருந்த பெனிசிலின் மிகச் சிறிதே. அவர் சலத்திற் கழிந்த மருந்தையும் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றினர். அதுவும் தீர்ந்தது. மார்ச் மாதத்தில் அவர் இறந்தார். மருந்து போதாமையால் அவர் மாண்டார். இன்றோ மருந்து எம் வைத்தியசாலைகளில் உண்டு. நேரத்தையே யாம் இழந்துவிடுகின்றோம்.

செப்சிஸ் கொண்டு குருதியமுக்கம் தாழ்ந்த நோயாளிக்கு, அறிந்த ஒரு மணி நேரத்துள் நுண்ணுயிர்கொல்லி மருந்தை ஏற்றுதல் வேண்டும் என்பது மருத்துவ உலகின் நெறி. குருதியைச் சோதனைக்கு எடுத்தல், நாளத்தின் வழியே நீர் ஏற்றுதல், ஒட்சிசன் கொடுத்தல், கழியும் சலத்தை அளத்தல் ஆகியன உடன் நிகழும். இவற்றுள் ஒன்றையும் வீட்டிலே செய்தல் இயலாது. ஆதலின் விடியட்டும் என்று காத்திராதீர். இலங்கையில் 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் கட்டணமின்றி நோயாளர் காவுவண்டி வரும். வைத்தியரைக் கண்டதும், “இது செப்சிசாக இருக்குமோ என்று அஞ்சுகின்றோம்” எனப் பணிவோடும் தெளிவோடும் கூறுக. காயம் பட்ட நாள், நடுக்கம் தொடங்கிய நேரம், கடைசியாகச் சலம் கழித்த நேரம், உண்ணும் மருந்துகள் ஆகியவற்றைச் சொல்லுக. முன்னொருகால் வாங்கி மிஞ்சிய நுண்ணுயிர்கொல்லிக் குளிசைகளைத் தாமாகக் கொடுத்தலும், புண்ணின்மேல் இலை வைத்துக் கட்டி நாட்கழித்தலும் தவிர்க்கத் தக்கன.

வருமுன் காத்தலும் அரிதன்று. சிறு காயமாயினும் சவர்க்காரமும் தூய நீரும் கொண்டு கழுவுக. சலரோகம் உடையோர் நாள்தோறும் தம் பாதங்களை நோக்குக. குழந்தைகட்குரிய தடுப்பூசிகளைக் காலத்தில் இடுவிக்க. வைத்தியர் தந்த மருந்தை இடையில் நிறுத்தாது உண்க. கைகழுவுதலின் பெருமையைச் செமல்வைஸ் வரலாறு கூறும்.

முடிபு

மருந்து என்னும் அதிகாரத்திலே திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு அவர் அமையவில்லை. அருகிருந்து துணைசெய்பவனையும் நான்காவதாகச் சேர்த்தார். இவ்வதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பித்த யான், அந்நான்காமவன் நானே என்பதை உணர்ந்திலேன். இந்நோயிலே நோயாளியின் அறிவு மயங்கிவிடுகின்றது. தன் நிலையைத் தான் உரைக்க அவரால் இயலாது. மருத்துவனோ தொலைவில் இருக்கின்றான். இருவருக்கும் இடையே கண்ணாகவும் வாயாகவும் இருப்பவன் அருகிருப்பவனே.

ஆதலின் அன்பர்காள், வீட்டிலே எவரேனும் காய்ச்சலிற் படுத்தால் தலைமாட்டில் ஒரு கொப்பியும் பென்சிலும் வையுங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு வெப்பம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, எப்பொழுது சலம் போயிற்று, பேச்சு எங்ஙனம் இருந்தது என்பவற்றை எழுதுங்கள். கல்லூரியிற் பயிலும் மாணாக்கர் இப்பணியைத் தம் பாட்டன்மார்க்கும் பாட்டிமார்க்கும் செய்யலாம். என் வீட்டில் அக்கொப்பி இப்பொழுது உண்டு. அன்னையார்க்குத் தடிமன் பிடித்தாலும் அது திறக்கப்படுகின்றது. சென்ற ஆண்டு ஓரிரவு அதன் பக்கத்தை நோக்கியே அவரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். வைத்தியர் வினவிய ஒவ்வொன்றுக்கும் விடை கூறினேன். அவர் இன்றும் எம்மோடு இருக்கின்றார்.